தம்பியை ஏன் எடுத்தோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த 24 வயது முன்கள ஆட்டக்காரர் ஒருவரை இந்தப் பருவத்துக்குப் புதுச்சேரியில் உள்ள நம் கால்பந்து அணியில் சேர்த்திருப்பதாகப் போன ஞாயிற்றுக்கிழமை அறிவித்தோம். அன்று மாலையிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. உறுப்பினர்கள், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்கள், பழைய ஆட்டக்காரர்கள், உப்பளம் மைதானத்துக்கு வெளியே டீ குடிக்கும் நண்பர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆளுக்கொரு பதில் சொல்லி, அது வாய்க்கு வாய் மாறி வேறொன்றாகிவிடக் கூடாது என்பதால், கிளப்பின் செயலாளர் என்ற முறையில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தம்பியின் பெயரை இதில் போடவில்லை. மைதானத்துக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. அவரைப் பற்றி இங்கே இருக்கும் ஒவ்வொரு வரியையும் அவர் படித்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறோம். இரண்டு வரிகளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

அவர் மேல் அப்படி என்னதான் புகார்?

மூன்று. முதலாவது, குடி. இருபது வயதில் தொடங்கி, கடந்த இரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய தினமும் குடித்திருக்கிறார்.

இரண்டாவது, சென்ற ஆண்டு கடலூரில் ஒரு டீக்கடை வாசலில் நடந்த சண்டை. எதிரில் இருந்தவருக்கு முன்கை எலும்பு முறிந்தது. எலும்பு முறிந்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை. தம்பி ஜாமீனில் இருக்கிறார்.

மூன்றாவது, சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது. இதற்கு முன் ஆடிய இரண்டு அணிகளும் அவரை விட்டதற்கு இதுதான் காரணம். ஓர் அரையிறுதி நாளில் அணி முழுவதும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து அவருக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்திருக்கிறது. அவர் வரவேயில்லை.

இவை தவிர ஊரில் உலவும் மற்ற கதைகளையும் விசாரித்தோம். அவருடைய பழைய பயிற்சியாளர்கள் இருவரிடமும், தெருக்காரர்கள் சிலரிடமும், வீட்டிலும் பேசினோம். அந்தக் கதைகளுக்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. ஆகவே அவற்றை இங்கே திரும்பச் சொல்லி இன்னும் நான்கு பேருக்குப் பரப்ப மாட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள். கோல் அடிப்பார் என்பதற்காகத்தானே எடுத்தீர்கள்?

ஆமாம்.

அனுதாபத்தால் எடுத்தோம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒரு நட்பு ஆட்டத்தில் அவர் அடித்த கோலை நான் கோட்டுக்கு நாலடி தள்ளி நின்று பார்த்தேன். நடுக்களத்திலிருந்து உயரமாக வந்த பந்தை, கோலுக்கு முதுகைக் காட்டியபடி நெஞ்சில் வாங்கினார். பந்து தரையைத் தொடுவதற்குள் இடது தோளை ஒருபக்கம் சாய்த்தார். தடுக்க வந்தவர் அந்தப் பக்கம் போய்விட்டார். தம்பி மறுபக்கம் திரும்பி, பந்து ஒரு முறை துள்ளியதும் இடது காலால் தூரத்து மூலைக்கு அனுப்பினார். கோல்கீப்பர் அசையவே இல்லை. முப்பது வருடமாக இந்த ஊர் மைதானங்களில் ஆட்டம் பார்க்கிறேன். இப்படித் திரும்பத் தெரிந்தவர்கள் என் கணக்கில் நான்கைந்து பேர்தான்.

திறமைக்காக எடுத்தோம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. திறமைக்காக எதையும் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று நாளை யாரும் சொல்லும்படி ஆகிவிடக் கூடாது. என் கவலை அதைப் பற்றித்தான்.

அடிபட்டவருக்கு என்ன பதில் சொல்லப் போகிறீர்கள்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது செயற்குழுவில் யாரும் இல்லை. ஓர் உறுப்பினரின் மனைவி கேட்டார். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அடிபட்டவர் பரோட்டா மாஸ்டர். முறிந்தது வலது கை. கட்டுப் போட்டு, கட்டுப் பிரித்து, அதன் பிறகும் மாவைப் பிசைய வலு வராமல் மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை என்று கேள்விப்பட்டோம். நாங்களோ தம்பியின் படத்தைப் பெரிதாகப் போட்டு, பின்னால் பட்டாசு வெடிப்பதுபோல் வண்ணம் தீட்டி, வரவேற்புச் சுவரொட்டி அடித்திருந்தோம். அதே படம் அவருடைய கைப்பேசிக்கும் போயிருக்கும். தன் கையை முறித்தவனை ஓர் ஊர் தோளில் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது அவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. திங்கட்கிழமை காலையே சுவரொட்டிகளைக் கிழித்தோம், படத்தையும் எடுத்துவிட்டோம்.

அதன் பிறகு நாங்கள் எடுத்த முடிவு இது. கிளப் சார்பில் யாரும் அவரைப் போய்ப் பார்க்கக் கூடாது. சமரசம் பேசுகிறேன், வழக்கை வாபஸ் வாங்கச் சொல்கிறேன், கொஞ்சம் பணம் கொடுத்து முடித்துவைக்கிறேன் என்று எந்தப் பெரிய மனிதரும் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு அங்கே போகக் கூடாது. நம் ஊர்ப் பக்கம் பஞ்சாயத்து என்ற பெயரில் இது வழக்கமாக நடப்பதுதான். பத்துப் பேர் வீட்டு வாசலில் வந்து நின்று மன்னித்துவிடுங்கள் என்று கேட்டால், அடிபட்டவரின் காதில் அது மிரட்டலாகத்தான் விழும். வழக்கை என்ன செய்வது என்பது அவருடைய உரிமை, அவருடைய வழக்கறிஞரின் வேலை. நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னால் தம்பி தன் உழைப்பில் கொடுப்பார். கிளப் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதற்குப் போகாது.

வழக்கு நிலுவையில் இருப்பவர் லீக்கில் ஆடலாமா?

ஆடலாம். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் மத்தியப் பதிவில் அவருடைய பதிவு நம் கிளப்புக்கு மாற வேண்டும். அதற்கான வேலை முறைப்படி நடக்கிறது. கடலூர் தமிழ்நாடு சங்கத்தின் கீழ் வருகிறது, நாம் புதுச்சேரிச் சங்கத்தின் கீழ் வருகிறோம். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான் என்றாலும் காகிதத்தில் இது வெளிமாநில மாற்றம்.

வாய்தா நாளில் ஆட்டம் இருந்தால் அவர் நீதிமன்றத்தில்தான் இருப்பார். இறுதி ஆட்டமாக இருந்தாலும் அப்படியே. தண்டனை என்று தீர்ப்பு வந்தால் அதை அனுபவித்துவிட்டு வருவார். அதன் பிறகு மறுபடி பேசுவோம்.

என் பையனும் அதே மைதானத்தில்தான் பயிற்சி எடுக்கிறான். நான் பயப்படுவது தவறா?

தவறே இல்லை. நானாக இருந்தாலும் கேட்பேன்.

சிறுவர்களுக்குக் காலை 6 மணிக்குப் பயிற்சி, பெரியவர்களுக்கு மாலை 4.30க்கு. இரண்டும் கலக்காது. இதுவரை வழக்கமாக மட்டும் இருந்ததை இப்போது விதியாக எழுதிவிட்டோம். பெரியவர் அணியில் இருக்கும் எவரும், தம்பி மட்டும் இல்லை, எவரும் ஒரு சிறுவனைத் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. தனியாக அறையில் பேசக் கூடாது. கைப்பேசியில் தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பக் கூடாது. உடை மாற்றும் அறையில் சிறுவர்கள் இருக்கும்போது பெரியவர்கள் உள்ளே போகக் கூடாது. எந்தக் குறை இருந்தாலும் சொல்வதற்குப் பெற்றோர்களிலிருந்தே இரண்டு பேரை நியமித்திருக்கிறோம். அதில் ஒருவர் பெண். எங்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு நேரடியாகப் பேசுங்கள்.

இந்த விதிகளை ஒரு புது ஆள் வந்த பிறகுதான் எழுதினோம் என்பது எங்கள் குறை. இவை பத்து வருடத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டியவை.

அப்படியானால் யாரை வேண்டுமானாலும் எடுப்பீர்களா? எல்லை எதுவும் இல்லையா?

உண்டு. பெண்ணுக்கோ குழந்தைக்கோ எதிராகப் பாலியல் குற்றம் செய்தவர் என்று நீதிமன்றம் சொன்ன ஒருவர் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராக இருந்தாலும் நம் மைதானத்துக்குள் வர முடியாது. வீட்டில் மனைவியை அடிப்பவருக்கும் இதுதான் பதில். அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை நான் காத்திருக்க மாட்டேன்.

2022 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் ரெய்த் ரோவர்ஸ் என்ற கிளப்பில் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று 2017இல் ஒரு சிவில் வழக்கில் நீதிபதி தீர்ப்புச் சொல்லியிருந்த ஒரு முன்கள ஆட்டக்காரரை அந்தக் கிளப் ஒப்பந்தம் செய்தது. கால்பந்து சார்ந்த முடிவு என்று விளக்கமும் கொடுத்தது. பெண்கள் அணியின் தலைவி உடனே விலகினார். சட்டையில் தன் பெயரைப் போடப் பணம் கொடுத்துவந்த நாவலாசிரியை வால் மெக்டெர்மிட் ஆதரவை விலக்கிக்கொண்டார். சில நாட்களிலேயே, அவர் எங்களுக்காக ஆடமாட்டார் என்று கிளப் பின்வாங்க வேண்டியிருந்தது. அதற்குள் உடைந்தது உடைந்ததுதான்.

அதனால்தான் இந்த முறை, செயற்குழு வாக்கெடுப்புக்கு முன்பே, சென்ற ஆண்டு தொடங்கிய நம் பெண்கள் குழுவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னோம். ஒருவர் வேண்டாம் என்றிருந்தாலும் வாக்கெடுப்புக்கே போயிருக்க மாட்டோம். அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: அவர் கை ஓங்கினால் அன்றைக்கே அனுப்புவீர்களா, அல்லது அந்தப் போட்டி முடியட்டும் என்று பார்ப்பீர்களா? அன்றைக்கே என்றோம். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

குடியை எப்படி நிறுத்தப் போகிறீர்கள்? சத்தியம் வாங்கினீர்களா?

கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தம்பி ஏற்கெனவே அம்மா தலையில் கை வைத்து மூன்று முறை சத்தியம் செய்தவர். நான்காவதும் ஒன்று வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

குடி ஒரு நோயாக முற்றிவிட்ட பிறகு அதை மருத்துவரிடம்தான் கொண்டுபோக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் செய்கிற இரண்டு காரியங்கள் ஆளையே கொன்றுவிடக்கூடியவை.

ஒன்று, அறையில் அடைத்துவைத்து ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது. நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், உடம்பு வியர்க்கும், தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாட்களில் சித்தம் கலங்கி, இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். மருத்துவமனையில் அந்த நாட்களைக் கடக்க மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, யாருக்கும் தெரியாமல் சோற்றில் மாத்திரை கலந்து கொடுப்பது. டைசல்ஃபிரம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும். நோயாளி தெரிந்தே, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து கொடுத்தால், அவர் வழக்கம்போல் போய் ஒரு குவார்ட்டர் அடித்துவிட்டு நடுரோட்டில் விழுவார். தாய்மார்களே, மனைவிமார்களே, உங்கள் வேதனை எனக்குத் தெரியும். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

தம்பி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகிறார். அங்கே என்ன பேசுகிறார், என்ன மருந்து எடுக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. சொன்ன தேதியில் போனாரா இல்லையா என்பதை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார். இதுவரை ஒரு தேதியும் தவறவில்லை. இதே நிலையில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

குடியிலிருந்து மீட்கிறேன் என்று புதுச்சேரிக்கே கூட்டிவருகிறீர்களே, இது என்ன நியாயம்?

கேட்டவர் கடலூர்க்காரர். நியாயமான கேள்வி. அந்தப் பக்கத்து ஆட்கள் குடிக்க வரும் ஊர் இது. விலை குறைவு, கடை அதிகம், சாராயக் கடைகூடச் சட்டப்படி நடக்கிறது.

ஆகவே அவர் இங்கே தங்கவில்லை. தேவனாம்பட்டினத்தில் அம்மாவுடன்தான் இருக்கிறார். காலையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. பயிற்சி நாட்களில் மட்டும் மதியம் பஸ் ஏறி வந்து இரவே திரும்புகிறார். முதல் இரண்டு மாதங்களுக்குப் போகும்போதும் வரும்போதும் அணியிலிருந்து ஒருவர் கூடவே வருவார். இது அவர் கேட்டுக்கொண்ட ஏற்பாடு. நாங்கள் போட்ட காவல் இல்லை.

ஒரு நாள் நான் கூடப் போனேன். கடலூரில் ஏறினோம். அவர் ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு உள்பக்கம் உட்கார்ந்தார். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்வரை எஞ்சின்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். உப்புக்காற்று எந்தப் பாகத்தை முதலில் அரிக்கும் என்று எனக்கு விளக்கினார். முள்ளோடை வந்தது. எல்லை தாண்டியதும் சாலையோரம் வரிசையாகக் கடைகள். பஸ்ஸில் பாதிப் பேர் அங்கேயே இறங்கினார்கள். தம்பி பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். மறுபடி அவிழ்த்தார். பஸ் நகர்ந்த பிறகுதான் நிமிர்ந்தார். கன்னியக்கோயிலில் அடுத்த காலின் லேஸ். கிருமாம்பாக்கம் தாண்டியதும் எஞ்சின் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பாதையை வாரத்துக்கு நான்கு நாள், போக வர எட்டு முறை அவர் கடக்க வேண்டும்.

பணம் எவ்வளவு?

சம்பளம் கிடையாது. பஸ் கட்டணம், சாப்பாடு, பருவத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ். மற்றவர்களுக்கும் இதுதான். எழுத்து ஒப்பந்தத்துடன், செலவுக்கு மேல் பணம் பெற்று ஆடுபவர்தான் ஃபிஃபா விதிப்படி தொழில்முறை ஆட்டக்காரர். நம் அணியில் அப்படி ஒருவரும் இல்லை. பரிசுப் பணத்தில் வரும் பங்கைத் தன் அம்மாவின் கணக்கில் போடச் சொல்லி அவராகவே எழுதிக் கொடுத்திருக்கிறார். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். அது அவருடைய பணம்.

மறுபடியும் குடித்தால்?

குடிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் சறுக்குவது சாதாரணம் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். ஒரு முறை சறுக்கியதும் ஊரே கைகொட்டி, நான் அப்போதே சொன்னேன் என்று கிளம்பினால், எழுந்திருக்கப் பார்ப்பவரும் படுத்துவிடுவார்.

குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தால் அன்று திருப்பி அனுப்பப்படுவார். தனியாக இல்லை, ஒருவர் கூடப் போவார். அடுத்த ஆட்டத்தில் அவர் இல்லை. சொல்லாமல் வராமல் போனாலும் அதே. மருத்துவமனைத் தேதியைத் தவறவிட்டால், மறுபடி போய்விட்டு வரும்வரை ஆட்டம் கிடையாது. குடித்துவிட்டேன் என்று அவராகவே முந்திக்கொண்டு சொன்னால் தண்டனை இல்லை, அன்றைய ஓய்வு மட்டும். இதில் செயற்குழுவில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. மறைப்பவருக்கும் சொல்பவருக்கும் ஒரே தண்டனை என்றால் யார் சொல்வார்கள் என்பது என் வாதம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினால், காவல்துறை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அந்தப் பருவம் முழுவதும் ஆட்டம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லை. எங்களுக்கு ஒரு மில்லிகிராமும் அதிகம்தான்.

கை நீட்டினால், மைதானத்திலோ வெளியிலோ, அத்துடன் முடிந்தது. அதன் பிறகும் ஜிப்மருக்குத் துணைக்கு ஆள் வருவார். ஆட்டம் இருக்காது.

பெரிய கிளப்புகள் இப்படி எடுத்துக் கோப்பை வென்றிருக்கின்றனவே?

வென்றிருக்கின்றன. ஆனால் அந்தக் கதைகளை நாம் பாதிதான் சொல்கிறோம்.

இங்கிலாந்தின் ஆர்சனல் அணித் தலைவர் டோனி ஆடம்ஸ் குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்துக்குள்ளாகி, 1990 டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இரண்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அந்தப் பருவத்திலேயே ஆர்சனல் லீக்கை வென்றது. பார்த்தீர்களா, சரியாகிவிட்டார் என்றுதான் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அவர் தொடர்ந்து குடித்தார். தான் குடிநோயாளி என்று அவர் வெளிப்படையாகச் சொன்னது 1996இல். சிறையிலிருந்து வந்து ஐந்தரை ஆண்டுகள் கழித்து! நடுவில் கோப்பைகள் வந்துகொண்டுதான் இருந்தன. குடியை நிறுத்திய பிறகு 1998இல் லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் ஒரே பருவத்தில் கையில் ஏந்தினார். 2000இல் தன்னைப் போன்ற விளையாட்டு வீரர்களுக்காகச் சிகிச்சை மையமும் தொடங்கினார். கோல் வருகிறது, வெற்றி வருகிறது என்பதை உடல்நலத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. தம்பி பத்து கோல் அடிக்கும் மாதத்தில்தான் நாம் அதிகம் கவனமாக இருக்க வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் எரிக் காண்டோனாவை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். 1995 ஜனவரியில் பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். மான்செஸ்டர் யுனைடெட் அவரைக் கைவிடவில்லை என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்து கால்பந்து சங்கத்தின் தண்டனைக்குக் காத்திராமல் கிளப்பே முதலில் அந்தப் பருவத்தின் மிச்சம் முழுவதும் அவரை நிறுத்திவைத்தது. 20,000 பவுண்ட் அபராதமும் போட்டது. சங்கம் தடையை செப்டம்பர் இறுதிவரை நீட்டியது. நீதிமன்றம் விதித்த 120 மணி நேர சமூக சேவையில் அவர் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். அவர் பாதியில் இல்லாமல் போன அந்தப் பருவத்தில் யுனைடெட் ஒரே ஒரு புள்ளியில் லீக்கை பிளாக்பர்னிடம் இழந்தது. அந்த விலையைக் கொடுத்த பிறகுதான் அடுத்த பருவத்தின் இரட்டைக் கோப்பை.

கைவிட்ட கதையும் உண்டு. கோகெயின் பரிசோதனையில் சிக்கிய தன் ஆட்டக்காரர் அட்ரியன் முட்டுவைச் செல்சி கிளப் 2004இல் நீக்கியது. பிறகு அவரிடமே இழப்பீடு கேட்டு வழக்காடி, 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவையும் பெற்றது. அவர்களிடம் வழக்கறிஞர் படை இருக்கிறது. நம்மிடம் ஒரு இரும்புப் பெட்டியும் பத்துப் பந்தும் இருக்கின்றன.

கஞ்சா, ஊக்கமருந்துப் பரிசோதனை?

மது உலக ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. கஞ்சாவும் கோகெயினும் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. போட்டிக் காலப் பரிசோதனையில் சிக்கியவர், போட்டிக்கு வெளியே, ஆட்டத்துக்குத் தொடர்பில்லாமல் பயன்படுத்தியதாக நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சை எடுத்துக்கொண்டால் அது ஒரு மாதமாகக் குறையலாம். சந்தோஷ் டிராபி போன்ற தேசியப் போட்டிக்குத் தேர்வாகும் கனவு உள்ள எல்லாப் பையன்களுக்கும் இதைச் சொல்லிவைத்திருக்கிறோம். இருமல் மருந்துகூட கேட்டுவிட்டுக் குடிக்கச் சொல்கிறோம்.

ஒழுங்காக வந்து போகும் பையன்களுக்கு இது அநீதி இல்லையா? அவர்களுக்கு இவ்வளவு செய்தீர்களா?

செய்யவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் அணியில் ஒரு லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், இருந்தான். சுமாராக ஆடுவான், ஆனால் மழையானாலும் வருவான். ஒரு கட்டத்தில் பயிற்சிக்கு வரும்போதே வாடை அடிக்கத் தொடங்கியது. நாங்கள் என்ன செய்தோம்? கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சட்டைகளைக் கொடுக்கும்போது அவனுடைய சட்டையை வேறொருவனிடம் கொடுத்தோம். பெஞ்சில் உட்கார்ந்து அப்போதுதான் காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான். பார்த்தான். காலுறையைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி, பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு வரவில்லை. நாங்களும் தேடவில்லை. அவனுடைய இடத்தை நிரப்ப இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

அவர் இப்போது தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சுமை ஏற்றும் வேலை செய்கிறார். குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறதாம். தானாகவே ஒரு குழுவில் சேர்ந்து விட்டிருக்கிறார். நம் அறிவிப்பைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் இடது காலால் கோல் அடித்திருந்தால் என்னையும் ஜிப்மருக்குக் கூட்டிப் போயிருப்பீர்களா அண்ணா என்று கேட்டார்.

கூட்டிப் போயிருப்போம். அதுதான் உண்மை, அவரிடமும் அதையே சொன்னேன். தம்பிக்குத் துணையாகப் பஸ்ஸில் வர முடியுமா என்று கேட்டேன். அது உங்கள் வேலை அண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் செயற்குழுவைக் கூட்டித் தீர்மானம் போட்டோம். தம்பிக்குச் செய்யும் எந்த ஏற்பாடும், மருத்துவமனைத் துணை, பஸ் துணை, முந்திச் சொன்னால் தண்டனை இல்லை என்ற விதி, எல்லாமே பெரியவர் அணியிலும் இரண்டாம் அணியிலும் பெயர் உள்ள அனைவருக்கும் உண்டு. மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. ஒருவர் ஏற்கெனவே வந்து கேட்டிருக்கிறார். யார் என்று தயவுசெய்து ஊகிக்காதீர்கள்.

செயற்குழு ஒரே மனதாக முடிவெடுத்ததா?

இல்லை. ஏழு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஒருவர் விலகிவிட்டார். கிளப் ஆட வைப்பதற்குத்தான், ஆளைத் திருத்துவது நம் சக்திக்கு மீறியது என்பது அவருடைய கருத்து. அவர் சொன்னது தவறு என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. அவருடைய பேரன் சிறுவர் பயிற்சிக்குத் தொடர்ந்து வருகிறான்.

ரசிகர்கள் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கோல் அடித்தால் கைதட்டுங்கள். அத்துடன் நிறுத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் தோளில் கைபோட்டு, வா தம்பி, இன்றைக்கு என் செலவு என்று கூப்பிடாதீர்கள். இந்த ஊரில் அன்பு காட்டுவதற்கு நமக்குத் தெரிந்த வழி அது ஒன்றாகிவிட்டது. போட்டியில் வென்றால் மைதானத்து ஓரத்திலேயே பெட்டி இறக்கும் வழக்கம் நம் கிளப்பிலும் இருந்தது. நானும் அதில் நின்றிருக்கிறேன். இந்தப் பருவம் முதல் அது இல்லை. வென்றால் பிரியாணி.

அவரைத் தெருவில் தள்ளாடும் நிலையில் பார்த்தால் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். எனக்கு அழையுங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன்.

எப்போது ஆடுவார்? எந்த எண்?

பதிவு வேலை முடிய வேண்டும். அதற்கு முன்பு, நாற்பத்தைந்து நாள் பயிற்சிக்கு ஒழுங்காக வந்திருக்க வேண்டும் என்பது நாங்கள் பேசிக்கொண்டது. இதை எழுதும் இன்று முப்பத்தொன்றாவது நாள். நேற்று உப்பளத்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். பயிற்சி இல்லை என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினோம். அதைப் பார்க்காமல் அவர் பஸ் ஏறி வந்துவிட்டார். அதையும் ஒரு நாளாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம்.

9ஆம் எண் கேட்டார். அது ஆறு வருடமாக வேறொருவருடையது, அவர் கோல் குறைவாக அடித்தாலும். தம்பிக்கு 23.